யூஃபாலாவிலிருந்து ஓட்டிஸ்

கால்டர்வில்லில் சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தோற்றுவிட்டால் பந்தெறிந்தவனை யாரும் திட்டமாட்டார்கள். பாவம், கல்லூரிப் பிள்ளை. தலைமைப் பயிற்சியாளரையும் திட்டமாட்டார்கள். ஞாயிறன்று தேவாலயத்தில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே! எல்லா ஏச்சும் ஒரே தலையில்தான் விடியும். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, இப்போது ஓடு, இப்போது எறி என்று உத்தரவு போடுகிற உதவிப் பயிற்சியாளர் ஹார்லன் டட்டிலின் தலை அது.

அவனைப் பெற்ற பாவத்துக்கு, ஆட்டம் முடிந்ததும் வென்டல் டட்டில் மைதானத்துக்கு வெளியே தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து, ரேடியோவில் நேயர்கள் திட்டுவதை ஒன்றுவிடாமல் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா அவர்? முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி, அத்தனை பிள்ளைகளையும் அதட்டி அடக்கியவர். வாரத்துக்கு ஒரு பொய்ப்பெயரில் அவரும் போன் போட்டு மகனுக்காக வாதாடுவார். ஒரு வாரம் டோத்தனிலிருந்து லாமர். இந்த வாரம் யூஃபாலாவிலிருந்து ஓட்டிஸ்.

இந்த வாரம் தோல்வி, தொடர்ந்து மூன்றாவது. ஒருவன் ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தான்.

"நாலு வாய்ப்புல பத்து கஜம் போகணும். மூணாவது வாய்ப்பு வந்தாச்சு, இன்னும் எட்டு கஜம் பாக்கி. அப்பப் போய்க் கூட்டத்துக்குள்ள ஓடச் சொல்றான்! எங்க வீட்டுக் கோழிகூட பந்தை எறின்னு சொல்லும், மெர்ல் அண்ணே!"

நிகழ்ச்சி நடத்துகிற மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தான். வென்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த அழைப்பு அவருடையது.

"மெர்ல் தம்பி, நான் யூஃபாலாவிலேருந்து ஓட்டிஸ். அந்தக் கோழிக்காரர் கொஞ்சம் வாயை அடக்கணும். கட்டைவிரல்ல விரிசல் விட்ட பையனை எப்படிப்பா எறியச் சொல்றது?"

மெர்ல் சிரிப்பை நிறுத்தினான். "ஓட்டிஸ் அண்ணே, எந்தக் கட்டைவிரல்?"

வென்டல் போனைத் துண்டித்தார். புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் ஹார்லன் சொன்ன ரகசியம் அது. 'இது நம்ம வீட்டைத் தாண்டக் கூடாதுப்பா' என்று வேறு சொல்லியிருந்தான்.

பக்கத்தில் வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நடீன் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட ஆளில்லையே! அடுத்த வாரம் நம்மளோட மோதப் போற பெர்டிடோகாரன் மொத்த ஆளையும் முன்னால கொண்டுவந்து நிறுத்துவான். இவங்களால எறிய முடியாதுன்னுதான் ஊருக்கே சொல்லிட்டீங்களே. அதுலயும் தோத்தா நம்ம ஹார்லனுக்கு வேலை இல்லைன்னு தலைமைப் பயிற்சியாளர் சொல்லிட்டாராம், தெரியுமில்ல?"

"தெரியும்டி. தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஹார்லன் தவறாமல் போன் பண்ணுவான். அன்று பண்ணவில்லை. திங்களன்று காலைக் காப்பிக் கடையில் எல்லா மேசையிலும் கட்டைவிரல் பேச்சுதான். வென்டல் தட்டிலிருந்த பிஸ்கட்டைத் தொடாமலே எழுந்து வந்தார். செவ்வாயன்று நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பயிற்சி மைதானத்துக்குப் போனார். வேலியைச் சுற்றிப் படுதா கட்டியிருந்தது. காவலுக்கு நின்ற பழைய சிநேகிதன் வழியை மறித்தான்.

"யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு, வென்டல். எவனோ ஓட்டிஸாம், ரகசியத்தைப் போட்டு உடைச்சுட்டான். கையில கிடைச்சா தோலை உரிச்சிடுவேன்."

"உரிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு வென்டல் திரும்பினார்.

சனிக்கிழமை நடீன் சொன்னது அப்படியே நடந்தது. பெர்டிடோ ஆட்கள் எறிதலைப் பற்றிக் கவலையே படாமல் முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள். ஓடிய ஒவ்வொருவனையும் அமுக்கினார்கள். நான்கு நிமிஷம் பாக்கி, பதினான்குக்குப் பதினேழு என்று கால்டர்வில் பின்தங்கியிருந்தது. வென்டல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். மகனின் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுவிட்டோம் என்று முணுமுணுத்தார்.

பந்து மறுபடியும் ஓட்டக்காரன் கீஷான் கைக்குப் போனது. பெர்டிடோ முழுவதும் அவன்மேல் பாய்ந்தது. கீஷான் ஓடவில்லை. சட்டென்று நின்று, பந்தைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தான்! கோணல்மாணலாகப் போன பந்து, தூரத்தில் தனியாக நின்றவன் கையில் போய் விழுந்தது. அவனைத் துரத்த அந்தப் பக்கம் ஒரு ஆள் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டினான், இருபத்தொன்றுக்குப் பதினேழு. அரங்கமே எழுந்து கூத்தாடியது.

ஆட்டம் ஜெயித்தாயிற்று. ஆனாலும் வண்டிக்கு வந்ததும் வென்டல் போனை டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

ரேடியோவில் கோழிக்காரனே பேசினான். "நான் அப்பவே சொன்னேன்ணே, ஹார்லன் மூளைக்காரன்னு!"

"அடப் பாவி" என்றாள் நடீன்.

பெட்டிக்குள் போன் அடித்தது. வென்டல் பூட்டைத் திறந்து எடுத்தார். ஹார்லன்.

"அப்பா, நிகழ்ச்சி முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. ஓட்டிஸ் ஏன் இன்னும் பேசல?"

வென்டல் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "உனக்கு எப்பலேருந்துடா தெரியும்?"

"முதல் வாரத்திலேருந்தே. எந்தப் பேர்ல வந்தாலும் உங்க தொண்டைக் கனைப்பு காட்டிக்கொடுத்துடுது. வீட்டுக்குப் போற வழியில அந்தக் கண்ராவியை எதுக்குக் கேக்கறேன்னு நினைச்சீங்க? ஊரே திட்டுறப்ப எனக்காகப் பேசுற ஒரே ஆளு நீங்கதானே."

"விரலைப் பத்தி உளறிட்டேனேடா. நீ போன்கூடப் பண்ணல."

"கோவம்தான். மூணு நாள் சோறு இறங்கல. அப்புறம்தான் தோணுச்சு, நம்மால எறிய முடியாதுன்னு அவங்க நம்புறாங்கன்னா, வேற ஒருத்தன் எறிஞ்சா என்னன்னு. வேலை தப்பிச்சுதுப்பா. இப்பப் போடுங்க போனை."

வென்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்களை அழுத்தினார்.

"யாரு பேசறது? எந்த ஊரு?" என்றான் மெர்ல்.

வென்டல் நடீனைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"இதே ஊருதான் தம்பி. வென்டல் டட்டில். ஹார்லனோட அப்பா."

"அட! ஐயாவா? சொல்லுங்க, மகன் போட்ட ஆட்டம் எப்படி?"

வென்டல் தொண்டையைக் கனைத்தார்.

"கடைசியில எறிஞ்சதெல்லாம் சரிதான். ஆனா இன்னிக்கும் ரெண்டாவது கால்பகுதியில, மூணாவது வாய்ப்பு, எட்டு கஜம் பாக்கி. அப்ப எதுக்குக் கூட்டத்துக்குள்ள ஓடச் சொன்னான்? போன வாரம் அந்தக் கோழி சொன்னதுல என்ன தப்பு?"

மைதானத்து வாசல் பக்கம் ஒரு கார் விடாமல் ஹார்ன் அடித்தது. "அது நம்ம பிள்ளைதான், ரேடியோவைக் கேட்டுட்டு அடிக்கிறான்" என்று நடீன் கண்ணீரோடு சிரித்தாள்.