குடாவின் வாயில் ஒரு கோடு

நிவேந்திரனின் விரலில் வடை எண்ணெய் மினுங்கியது. அந்த விரலாலேயே ஷாமினியின் கணினித் திரையைத் தொட்டு மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்து, "இங்கேருந்து இதுவரைக்கும் நேத்துப் போட்ட கோட்டையே ஒட்டிடுங்கக்கா" என்றான். திரையில் எண்ணெய்த் தடம் பளபளத்தது. அதற்குக் கீழே, பூமியின் வடகோடியில், ஒரு குடாவின் வாய் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

ஷாமினி சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மலாக்கா ராயா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பன்னிரண்டு பேருக்கு வேலை. வடதுருவக் கடலுக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் தினமும் படம் அனுப்பும். எது உறைந்த கடல், எது தண்ணீர் என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவே கோடு போட வேண்டும். மேகமும் இருட்டும் மறைக்காத ரேடார் படங்கள் அவை. மாலை ஆறு மணிக்கு வரைபடம் போய்விடும். அப்போது அங்கே பொழுது விடிந்திருக்கும். உறைந்த கடல்மேல் மோட்டார் சறுக்குவண்டி ஓட்டி மீன்பிடிக்கப் போகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வழி முடிவு செய்வார்கள்.

கோடு போட்டவர்கள் யாரும் உறைந்த கடலைக் கண்டதில்லை. ஷாமினிக்குப் பனிக்கட்டி என்றால், துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங். இல்லாவிட்டால் தஞ்சோங் கிளிங்கில் அவள் வீட்டுப் பக்கத்து மீன்காரர்கள் பெட்டியில் அள்ளிப் போடும் தூள். ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். வெளுப்பாகத் தெரிந்தால் பனி, கறுப்பாகத் தெரிந்தால் தண்ணீர் என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். எல்லாரும் நம்பினார்கள். வெள்ளையாக இருப்பதுதானே பனி?

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் வேலையைத் திறந்தபோது ஒரு கடிதம் அவள் கோப்போடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்தக் குடாவின் கரையில் வாழும் ஒருவர், அங்கே இன்னும் வியாழன் இரவாக இருந்தபோது, எழுதியிருந்தார். குடாவின் வாய் உறைந்திருப்பதாக ஒரு வாரமாக வரைபடம் சொல்கிறது, அதை நம்பிப் போன என் தம்பி வண்டியோடு தண்ணீரில் விழுந்தான், இழுத்துக் கரை சேர்த்துவிட்டோம், இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள், நாளைக் காலை இன்னும் ஆறு பேர் அந்தப் பக்கம் போகிறார்கள், தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள் என்று இருந்தது. கடைசியில், உங்கள் உழைப்புக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்.

அந்த நன்றிதான் அவளைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஒரு வாரத்துப் படங்களை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். குடாவின் வாய் ஒரு நாள் வெளுப்பு, மறுநாள் கறுப்பு, அதற்கடுத்த நாள் மறுபடி வெளுப்பு. படத்தின் ஓரத்தில் காற்றின் வேகம் எழுதியிருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. காற்று பலமாக அடித்த நாள்களில் மட்டும் வெளுப்பு. அலையடித்துக் கரடுமுரடான தண்ணீரும் ரேடாருக்கு வெளுப்பாகத்தான் தெரியும் போலிருக்கிறது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அங்கே பனியே இல்லை. வெறும் கடல்.

முதல் கோடு யார் போட்டது என்று பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை, அவளேதான்.

அது அறியாமல் செய்த பிழை. அதை ஆண்டவன் மன்னிப்பான் என்று அவளுக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் கறுத்த நாள்களிலும் கோடு ஏன் நகரவில்லை? ஒட்டினார்கள். கோடு ஒரே நாளில் நிறைய நகர்ந்தால் வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியின் கணினி காரணம் கேட்கும். காரணம் எழுத நேரமாகும், அலுவலகத்தின் மதிப்பெண் குறையும். அதனால் படத்தையே பார்க்காமல் நேற்றைய கோட்டை எடுத்து இன்றைக்கு ஒட்டிவிடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒட்டியவள் அவள். பெயர் இருந்தது. படத்தைத் திறக்கக்கூட இல்லை. தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

திரையில் விரலை இழுத்துவிட்டு நின்ற நிவேந்திரனிடம் கடிதத்தைக் காட்டினாள். அவன்தான் அலுவலகப் பொறுப்பாளன், அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். படித்து முடித்துவிட்டு, விரலை நக்கித் துடைத்தான்.

"ஆள் சாகலையேக்கா. அப்புறம் என்னா?"

"அங்க விடிஞ்சதும் ஆறு பேர் போறாங்க, பாஸ்."

"இவ்ளோ ஐஸ்ல அவங்கள யாரு மீன் புடிக்கச் சொன்னா? பசார்ல போய் வாங்கச் சொல்லுங்க லா."

தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தான். நெற்றியில் திருநீறு மூன்று கோடாக, வெகு நேர்த்தியாக இருந்தது. போன மாதம் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கண்ணை மூடி நின்று கும்பிட்டவனும் அவன்தான். அன்று அவன் பக்தியைப் பார்த்து ஷாமினி மனம் நெகிழ்ந்து நின்றாள். அந்தக் குங்குமம் இன்னும் திரையின் மூலையில் காய்ந்து கிடந்தது. கருவியைக் கும்பிட்டவன் அந்தக் கருவியாலேயே இப்படி ஒரு காரியம் செய்கிறானே என்று நினைத்தாள். ஆனால் அவள் மட்டும் என்ன? செவ்வாய்க்கிழமை அவளும் காலையில் விளக்கேற்றிவிட்டுத்தானே வந்தாள்?

நாலரை மணிக்கு, கோயிலில் அர்ச்சனை இருக்கிறது என்று அவன் கிளம்பினான். நேற்றைய கோட்டோடு கோப்பை அனுப்பத் தயாராக வைத்துவிட்டே போனான். மாற்ற வேண்டுமானால் புதுக் கோட்டை இன்னொருவர் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்த வேலை நூருல் ஐனுடையது. எதிர் மேசைப் பெண், லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவள். சேர்ந்து நான்கு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஷாமினி அவளிடம் எதையும் மறைக்கவில்லை. கடிதத்தைக் காட்டினாள், காற்று வேகத்தைக் காட்டினாள், செவ்வாய்க்கிழமைக் கோட்டில் இருந்த தன் பெயரையும் காட்டினாள். நூருல் ஐன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, பாஸுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். எனக்கு வேலை போகும், உனக்கும் போகலாம், வற்புறுத்த மாட்டேன் என்றாள் ஷாமினி. சொல்லிவிட்டு, திரையில் இருந்த எண்ணெய்த் தடத்தைத் துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். முதலில் இருந்து கோடு போட ஆரம்பித்தாள்.

குடாவின் வாயைத் தண்ணீர் என்று குறித்தாள். உள்பக்கம் போகப் போகக் கை தயங்கியது. ஒரு நீளமான கறுப்புத் திட்டு. தண்ணீரா, புதிதாக உறைந்த வழவழப்பான பனியா? பார்த்தாள், பார்த்தாள், பிடிபடவில்லை. மணி ஐந்தே கால்.

பின்னால் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. நூருல் ஐன் தன் நாற்காலியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது என்னாக்கா, தண்ணியா?"

"தெரியலடா."

"அப்ப தெரியலன்னே போடுங்க. அவங்க கம்பு வச்சுக் குத்திப் பாத்துக்குவாங்க."

தெரியவில்லை என்பதற்கும் பட்டியலில் ஓர் அடையாளம் இருந்தது, குறுக்குக் கோடுகள் போட்ட கட்டம். மதிப்பெண் போய்விடும் என்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. ஷாமினி தொட்டாள். அந்தத் திட்டு முழுக்கக் கட்டம் நிறைந்தது. அங்கிருந்து இருவரும் சேர்ந்து குடாவை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் நூருல் ஐன் மறுத்தாள். ஒன்றில் அவள் சொன்னதுதான் சரி.

கோடு ஏன் நகர்ந்தது என்று கணினி காரணம் கேட்டது. எழுதும் காரணம் வரைபடத்தின் அடியில் குறிப்பாகப் போய் அங்கே எல்லார் கண்ணிலும் படும். ஷாமினி தனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுதினாள். இந்தக் குடாவில் ஒரு வாரமாக வந்த வரைபடம் பொய், முதல் நாள் நான் தவறாகப் புரிந்துகொண்டேன், பிறகு பாராமலே ஒட்டினோம், செவ்வாய்க்கிழமை ஒட்டியது நான், வாய்ப் பக்கம் யாரும் போக வேண்டாம், காயப்பட்டவருக்காகப் பிரார்த்திக்கிறேன், மன்னியுங்கள். கீழே தன் முழுப் பெயரைப் போட்டாள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

நூருல் ஐன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒப்புதல் பொத்தானை அமுக்கினாலே போதும், அவள் பெயர் வெளியே தெரியாது. அவள் ஷாமினியின் பெயருக்குக் கீழே ஒரு வரி விட்டு, நூருல் ஐன் என்று தட்டினாள். யாரும் அவளைப் பெயர் போடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் பொத்தானை அமுக்கினாள்.