பண்டலின் நடுவிலிருந்து

கல்வி அதிகாரி ஹமாதி வயலினைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டார். வென்றுவிட்டோம் என்று நினைத்தாள், பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த ரவ்தா.

இரண்டு மாதங்களுக்கு முன் பள்ளியின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. வரும் செப்டம்பர் முதல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு இசை வகுப்பு கிடையாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்த அதை வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவார்களாம். பாட்டு, தாளம் எல்லாம் மூன்றாம் வகுப்பில் தொடங்கினால் போதுமாம். அன்றிலிருந்து பெற்றோர் சும்மா இருக்கவில்லை. ரொட்டிக் கடை மப்ரூக் மனுத்தாளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாதவர்களுக்கு ரொட்டியைக் கொஞ்சம் தாமதமாகவே எடுத்துக் கொடுத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது. நேரில் வந்து கேட்கிறேன் என்று அதிகாரி சொன்னதே அதனால்தான்.

விருந்தாளி வந்தால் அலமாரியில் இருப்பதிலேயே நல்ல கோப்பையை எடுப்பதுதான் அந்த ஊர் வழக்கம். பெற்றோரும் அப்படியே செய்தார்கள். பள்ளியிலேயே நன்றாக வாசிக்கிற எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி, வெள்ளைச் சட்டை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். பொறுக்கியது ஸாமியா, பல் மருத்துவரின் மனைவி. வயலின் வாசித்தது அவளுடைய மகன். பேரீச்சை அடைத்த மக்ரூத் பலகாரம் ஒரு தட்டு நிறைய இருந்தது, பாதாம் மிதக்கும் தேநீரும் இருந்தது.

வயலின் வாசிப்பு முடிந்ததும் அதிகாரி முன்னால் குனிந்து, "அருமைடா. யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"கடற்கரைத் தெரு இசைப் பள்ளியில, ஸீதி. மூணு வருஷமா போறேன்" என்றான் பையன் மரியாதையாக.

அடுத்த பிள்ளையும் அதையே சொன்னான். எட்டுப் பேரும் அங்கே படிப்பவர்கள்தான். ஹமாதி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அப்ப இதுல பிரச்சினையே இல்லையே. ஆர்வம் இருக்கிற பிள்ளைங்க வெளியில போய் நல்லாத்தான் படிக்கிறாங்க. ஸ்கூல் நேரம் எதுக்கு வீணாகணும்?"

மப்ரூக் ரவ்தாவின் காதருகே முணுமுணுத்தான். "நம்ம மக்ரூத்தைத் தின்னுட்டு நம்ம அடுப்பையே அணைச்சிட்டாரு, பாத்தியா."

ரவ்தாவின் மகள் மைஸம் ஒன்றாம் வகுப்பு. கடற்கரைத் தெரு இசைப் பள்ளி மாலை நான்கு மணிக்கு. ரவ்தாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஐந்தரை வரை வேலை. அங்கே கூட்டிப்போக வீட்டில் வேறு ஆள் இல்லை. இந்த ஒரு மணி நேரம் போனால் மைஸத்துக்கு இசை என்று ஒன்றுமே இருக்காது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று ரவ்தா பார்த்திருக்கிறாள். ஒருநாள் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட வந்தவள் ஜன்னலோரம் நின்றுவிட்டாள். இசை ஆசிரியர் லஸ்ஸாத் கையில் எந்தக் கருவியும் இல்லை. முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு மேசைப் பலகைகள். உள்ளங்கையால் பலகையின் நடுவில் அடித்தால் தும். விரல் நுனியால் ஓரத்தில் தட்டினால் தக். மொத்தம் எட்டு இடம்: தும், தக், ஒரு வெற்றிடம், தக், தும், மறுபடி வெற்றிடம், தக், கடைசியில் இன்னொரு வெற்றிடம். வெற்றிடம் வரும்போது எல்லோரும் கையை மூடிக்கொள்ள வேண்டும். அடிக்க ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு அடிக்காமல் இருக்க ஐந்து வாரம் பிடித்தது.

ரவ்தாவுக்கு அது உடனே பிடிபட்டது. அவள் தையல் எந்திர மெக்கானிக். ஊசி துணிக்குள் இறங்கி அடிவரை போகிறது. அது கொஞ்சம் மேலே ஏறும்போதுதான் நூல் தளர்ந்து சின்ன வளையமாகிறது. கீழே சுற்றும் கொக்கி அந்த நொடியில் வந்து வளையத்தைப் பிடித்தால் தையல் விழும். துளி முந்தினாலும் வளையம் இருக்காது, தையல் விட்டுப்போகும். எந்திரத்தை வேகமாக ஓட்டி அதைச் சரிசெய்ய முடியாது. காத்திருக்கும் நேரத்தைத்தான் திருத்தவேண்டும். பிறர் பேசி முடிக்கும் முன்பே குறுக்கே பாய்கிற மைஸம் இப்போதெல்லாம் வாயை மூடி ஒரு கணம் நிற்கிறாளே, அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் ரவ்தாவுக்குத் தெரிந்தது.

அதிகாரி மடியிலிருந்த காகிதக் கோப்பை மூடி எழுந்திருக்கப் போனார். ரவ்தா எழுந்து நின்றாள்.

"ஸி ஹமாதி, தப்பு எங்களோடது. உங்களுக்குத் தப்பான சரக்கைக் காட்டிட்டோம்."

"என் பையன் சரக்கா?" என்றாள் ஸாமியா.

"கோவிச்சுக்காத லல்லா ஸாமியா, உன் பையன் தங்கம். அதான் பிரச்சினையே." ரவ்தா அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "எங்க ஃபேக்டரியில சட்டைங்க இருபது இருபதா பண்டல் கட்டி வரும். சோதிக்க வர்றவங்க மேல இருக்கிற சட்டையை எடுக்கவே மாட்டாங்க. தைச்சவங்க நல்லதைத்தான் மேல வைப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். பண்டல் நடுவுல கையை விட்டு அவங்களே உருவுவாங்க. நாங்க மேல இருந்த எட்டைக் காட்டிட்டோம். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒன்னாம் வகுப்புக்கு இசை நேரம், வாங்க. முப்பத்தொரு பிள்ளைங்க பேரையும் சீட்டுல எழுதி டப்பாவுல போடறோம். நீங்களே உருவுங்க."

"என் வியாழக்கிழமையை நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாம்மா?"

"அரை மணி நேரந்தான் ஸி ஹமாதி. தேநீர்கூட இருக்காது."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் வருகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் ஸாமியா பிடித்துக்கொண்டாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மூக்கை உறிஞ்சுற பிள்ளைங்களை நம்பி எல்லாத்தையும் வைக்கிறியே. உன் பொண்ணு பேரே வந்தா என்ன பண்ணுவ?"

"வந்தா வரட்டும்" என்றாள் ரவ்தா. ஆனால் மைஸம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் தட்டும்போதெல்லாம் ஆறாவது இடத்தில்தான் விழுவாள். அங்கே கையை மூட மறந்து ஒரு தக் அடியை முன்னாலேயே போட்டுவிடுவாள்.

வியாழக்கிழமை பழைய தேயிலை டப்பாவில் முப்பத்தொரு சீட்டுகள் இருந்தன. ஹமாதி அதை நன்றாகக் குலுக்கி, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டார். ஐந்து சீட்டு எடுத்தார். நான்காவது சீட்டை லஸ்ஸாத் வாசித்தார்: மைஸம். சுவரோரம் நின்ற ரவ்தா தன் கைப்பையின் வாரை இறுக்கிக்கொண்டாள். அங்கே அவளோடு ஸாமியாவும் மப்ரூக்கும் இருந்தார்கள்.

"வேகத்தை நானே சொல்றேன். நீங்க முன்னாடியே பழக்கி வச்சதா இருக்கக்கூடாது" என்றார் ஹமாதி. பேனாவால் மேசையில் தட்டிக் காட்டினார், சற்று வேகமாகவே.

ஐந்து பிள்ளைகளும் முன்வரிசைப் பலகைகளில் உட்கார்ந்து தொடங்கினார்கள். முதல் சுற்று சரியாக வந்தது. இரண்டாவது சுற்றில் மைஸத்தின் தக் முந்திக்கொண்டது, ஆறாவது இடத்தில்தான். அடுத்த அடியும் தடுமாறியது. அதிகாரி நோட்டில் எதையோ எழுதினார். ஸாமியா உச்சுக்கொட்டினாள்.

மைஸம் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, மற்ற நால்வரும் ஒரு முழுச் சுற்று அடிப்பதைத் தலையசைத்துக் கேட்டாள். அடுத்த தும் வந்தபோது அவள் உள்ளங்கையும் அவர்களோடு சேர்ந்து விழுந்தது. அதற்குப் பின் நான்கு சுற்று அவள் தவறவில்லை.

"இந்தப் பொண்ணு நடுவுல ஏன் நிறுத்தினா?" என்று லஸ்ஸாத்தைக் கேட்டார் ஹமாதி.

"அவகிட்டயே கேளுங்க ஸி ஹமாதி."

அவர் தன்னிடம் கேட்கும்வரை காத்திருந்து மைஸம் பதில் சொன்னாள். "தொலைஞ்சு போயிட்டேன், ஸீதி. தொலைஞ்சா வேகமா அடிக்கக்கூடாது, அழவும் கூடாது. கையை மடியில வச்சுக்கிட்டு மத்தவங்களைக் கேக்கணும். தும் வரும். அப்ப ஏறிக்கணும், பஸ்ல ஏறுற மாதிரி."

"இதை எங்க கத்துக்கிட்ட?"

"இங்கதான். வியாழக்கிழமைல."

"வெளியில எங்கயாவது படிக்கிறியா?"

"வெளியில விளையாடுவேன்" என்றாள் மைஸம்.

மப்ரூக்குக்கு இருமல் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பயல், "நீங்களும் அடிங்க ஸீதி, சுலபம்தான்" என்றான். லஸ்ஸாத் அவனை அடக்கப் போனார். அதற்குள் ஹமாதி நோட்டை மூடிவிட்டு, முழங்கால் மேசையில் இடிக்க, குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு பேரும் தொடங்கினார்கள். முதல் வெற்றிடத்திலேயே, மூன்றாவது இடத்தில், அவருடைய தக் தனியாக ஒலித்தது. அதைச் சமாளிக்க இன்னும் வேகமாக அடித்தார். எல்லாம் குழம்பியது.

"கையை மடியில வைங்க" என்றாள் மைஸம், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் வைத்தார். ஒரு சுற்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. மாவட்டத்துப் பள்ளிகளின் கால அட்டவணையைப் போடுகிற மனிதர் உதட்டை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது சுற்றின் முதல் தும் வந்தபோது அவர் உள்ளங்கை விழுந்தது, ஒரு மயிரிழை பிந்தி.

எழுந்தபின் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டார். "வாசிப்புப் பயிற்சிக்கு வேற நேரம் தேடணும்" என்றார், தனக்குள் பேசுவதுபோல. பிறகு ரவ்தாவிடம் திரும்பினார். "வர்ற வருஷம் இந்த ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு வருஷத்துக்குத்தான் என்னால சொல்ல முடியும். அடுத்த ஜூன்ல மறுபடி வருவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன். சீட்டையும் நானே எடுப்பேன்."

"டப்பாவை அலமாரியிலயே வச்சிருக்கோம்" என்றாள் ரவ்தா.

"ரெண்டாம் வகுப்புப் பேர்களை நான் எழுதித் தர்றேன்" என்றாள் ஸாமியா, ரவ்தாவின் முழங்கையைப் பற்றியபடி. "என் கையெழுத்து உன்னோடதைவிட நல்லா இருக்கும்."

அதிகாரி நடைவழியில் போய்க்கொண்டிருந்தார். அக்குளில் இடுக்கிய கோப்பின் மேல் அவர் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. மைஸம் வாசலுக்கு ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு காதைத் தீட்டினாள்.

"மூணாவது எடத்துல இன்னும் விழறாரும்மா."

"ஜூன் வரைக்கும் நேரம் இருக்கு" என்றாள் ரவ்தா.