ஒழுகாத பிளசர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிள்ளைகளே: இந்தக் காரை நான் பார்த்ததில்லை.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் சொன்னார்: "தகரத்த உரிச்சுப் பாத்தா உள்ள மரம்யா. வங்கு வங்கா வச்சிருக்கான். நம்ம வள்ளம் மாதிரியே." அடுத்த பேச்சைக் காற்று பிடுங்கிக் கடலில் போட்டது. முகத்தைப் பார்க்க நான் எட்டி எழும்புவதற்குள் அவர் மண்டபத்தில் இறங்கிப் போய்விட்டார்.

என் கையில் சிக்கியது அவ்வளவுதான். வங்கு என்பது வள்ளத்தின் விலா எலும்பு; பலகைக்கு உள்ளே வளைந்து நின்று வள்ளத்தை வள்ளமாக வைத்திருப்பது. அது காருக்குள் எப்படிப் போனது என்ற யோசனையில், இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனேன். மற்றதெல்லாம் நான் கட்டியது. எங்கே கட்டினேன், எங்கே எனக்குக் கட்டத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டே வருகிறேன். கூட வாருங்கள்.

2

மூன்று தொடக்கம் எழுதினேன்.

"1957ஆம் வருடம், கொழும்புத் துறைமுகத்தில், சிவப்பு நிறத்தில் ஒரு..." கொழும்புத் துறைமுகம் எனக்குத் தெரியாது. விட்டேன்.

"கடல் அன்று கண்ணாடியாய்க் கிடந்தது. அதன் மேல்..." கடலை முதலில் விட்டால் அது கதையைத் தின்றுவிடும். அடித்தேன்.

மூன்றாவது, லீமாரோஸ் சிரிப்பதில் தொடங்கியது. அதை அடிக்க மனம் வரவில்லை.

"மோட்டார் வண்டிய மாட்டு வண்டியில வச்சுக் கொண்டாறாங்களே! இந்த அதிசயத்த எங்கன போய்ச் சொல்ல?" என்று அவள் வேதாளைக் கரையில், தன் வீட்டு வாசலில் நின்று சிரித்தாள். கையில் தைத்துக்கொண்டிருந்த பாய்த்துணி. அவள் புருஷன் சந்தனம் எட்டிப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் குடையோடு நடந்து வந்தவர் கீழக்கரை ஹாஜா முகைதீன் மரைக்காயர். கொழும்பில் கடை வைத்திருந்தவர். கடையை முடித்துக்கொண்டு வந்தபோது தோணியில் ஏற்றிக் கொண்டுவந்த பிளசர் அது. (அந்த நாளில் எங்கள் பக்கம் காருக்குப் பேர் பிளசர்.) இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை கிடையாது. பந்தயத்தில் ஓடும் சாதி. இன்ஜினை ராமநாதபுரத்தில் ஒரு மெக்கானிக் சரிசெய்துவிட்டார். உடம்பைத்தான் உப்பு தின்றிருந்தது. உள்ளே இருக்கையில் எலி குடித்தனம்.

"ஓடாவி, இத மனுசனாக்கிக் குடும். தங்கச்சி மகனுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைய இதுலதான் ஏத்தணும்."

வள்ளம் கட்டும் தச்சனை ஓடாவி என்பார்கள்.

"மொதலாளி, நான் கதவு செய்றவன். ஜன்னல் செய்றவன்."

"நீரு வள்ளம் கட்டுறவரு."

"கட்டுனவன்" என்றான் சந்தனம்.

3

அந்த ஒரு சொல்லில் இந்தக் கதையின் பாரம் முழுவதும் இருக்கிறது. இறக்கி வைத்துவிட்டு மேலே போவோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சந்தனம் கட்டிய வள்ளம் ஒன்று மூழ்கியது. அதில் அவன் தம்பி மரியதாஸ் போனான். கூடப் போன கனி மட்டும் ஒரு துண்டுப் பலகையைக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தான். தம்பியை அடக்கம் செய்த அன்று கனி வாசலுக்கு வந்து, "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றான். சந்தனம் பின்வாசல் வழியாக இறங்கிக் கடற்கரையில் நடந்துபோய்விட்டான். பலகைகளுக்கு இடையில் பஞ்சையும் குங்கிலியத்தையும் திணித்து இறுக்கியது அவன் கை. அந்தக் கை எங்கேயோ விட்டுவிட்டது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. எந்த இடம் என்பதுதான் தெரியவில்லை. இடது பக்கம், மூன்றாம் பலகையா? முன்னால் அணியத்துப் பக்கமா? அதன்பிறகு அவன் வள்ளத்தைத் தொடவில்லை. கனி தெருவில் வந்தால் இவன் கரைவழி போவான்.

லீமாரோஸ் கனியிடம் கேட்டிருக்கலாமே? கேட்டாள். "அண்ணன் கேட்டாத்தான் சொல்லுவேன் மைனி" என்றுவிட்டான் கனி.*

* முதல் பிரதியில் சந்தனத்தைக் குடிகாரனாக எழுதியிருந்தேன். துக்கம் என்றால் குடி என்று எழுதுவது சோம்பல். அவன் கதவு செய்தான். ஒரு இண்டு இடுக்கு இல்லாத கதவுகள். மழைநாளில் அவை உப்பிப்போய்த் திறக்காமல் சனம் வைதது. துக்கம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

4

அவன் ஏன் ஒத்துக்கொண்டான்? இங்கே எனக்கு வெகுநாள் கதை நகரவில்லை. லீமாரோஸ் கெஞ்சினாள் என்று எழுதிப் பார்த்தேன். அவள் கெஞ்சுகிறவள் இல்லை. மரைக்காயரிடம் அதிசயமான பேச்சு ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைப் பேச மறுத்தார். கடைசியில் ரயிலில் கேட்டதையே பிடித்தேன்.

மரைக்காயர் குடைக்கம்பியால் பின்பக்கத் தகரத்தைக் குத்தினார். அது பழைய அப்பளமாய் நொறுங்கி விழுந்தது. உள்ளே மரம்.

சந்தனம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டான். வெளுத்த மரம். கண்ணே இல்லாமல் நேராக இழையோடிய, அவன் அறியாத சாதி மரம். மோந்து பார்த்தான். நாக்கில் வைத்துப் பார்த்தான். தூண் எழும்பி, தோளில் வளைந்து, பின்னால் இறங்கி, அடிமரத்தில் கடித்து நின்றது. ஒன்றின் நாக்கு இன்னொன்றின் வாய்க்குள் மயிரிழை இடமில்லாமல் போயிருந்தது. இரும்பு என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்குள் ஒரு தச்சன் ஒளிந்திருந்தான்!

அந்த இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு. கோட்டின் ஒரு பக்கம் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி. வெட்டி எறியவேண்டிய பக்கம் எது என்று மறக்காமல் இருக்க, சந்தனமும் அதே குறியைத்தான் போடுவான்.

"லீமா, இங்கன வா. தொடாத. பாரு."

"கோடு."

"ஆளு தெரியறான் பாரு. இவனும் மறதிக்காரன்தான்."

இரண்டு வருடத்தில் அவன் யாரைப் பற்றியாவது ஆசையாய்ப் பேசியது அன்றுதான். அவள் சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

5

வேலை இரண்டு மாதம் நடந்தது. வள்ளத்துக்கு வங்கு செய்யும்போது நேர்க்கட்டையை யாரும் வளைப்பதில்லை. வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடித்தான் வெட்டுவார்கள். அப்போதுதான் இழை அறுபடாது. சந்தனம் கெட்டுப்போன துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு பூவரச மரம் பூவரச மரமாக அண்ணாந்து பார்த்துத் திரிந்தான். உச்சிப்புளிப் பக்கம் ஒரு மரத்தில் அந்தப் பிளசரின் இடது தோள் அப்படியே முளைத்து நின்றது. யாருக்காகவோ நாற்பது வருடமாக வளைந்துகொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தான். வெட்டுமுன் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

தகரத்தை ராமநாதபுரம் பாத்திரக்காரர் செல்லச்சாமி மணல்மூட்டை மேல் வைத்துத் தட்டிக் கொடுத்தார். "அண்டா தட்டுனேன், குடம் தட்டுனேன். பிளசருக்கு இடுப்பு தட்டுவேன்னு எங்க அய்யா கனவுகூடக் கண்டிருக்க மாட்டாரு" என்றார்.

உள்ளலங்காரம் லீமாரோஸுடையது. இருக்கையின் தோலைக் கிழித்தாள். உள்ளே குதிரை மயிர் சுருள் சுருளாக. "பாவம், குதிரைய மொட்டையடிச்சு வச்சிருக்கான்." அதை அலசி, தேங்காய் நாரோடு கலந்து அடைத்தாள். மேலுக்குத் தோல் கிடைக்கவில்லை. வலைக்கும் பாய்க்கும் சாயம் ஏற்றும் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, பாய்த்துணியை மூன்று முறை தோய்த்தாள். மூன்றாம் தோய்ப்பில் அது பழுத்த தோல் நிறத்துக்கு வந்தது. பழைய தையல் போன தடத்திலேயே தன் ஊசியை விட்டாள். (அந்தத் தையலைப் போட்டது ஒரு பெண்ணாய் இருக்குமோ என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன். லீமாரோஸ் அப்படி யோசிக்கவில்லை. அவளுக்கு ஊசி ஒடியாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். எடுத்துவிட்டேன்.)

6

இனி வருவது தவறு. வேறு எந்த ஊர்த் தச்சனும் செய்திருக்க முடியாத தவறு.

அடித்தளத்தில் நாலு ஓட்டைகள் இருந்தன. கதவுகளின் அடியிலும் பக்கத்துக்கு இரண்டாக இன்னும் நாலு. விரல் நுழையும் அளவு, வட்டமாக, சுத்தமாக. சந்தனம் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் இதில் எப்படி அசந்தான்? ஆணி போட மறந்தானா? அந்த முகம் தெரியாத தச்சன் மேல் அவனுக்குப் பெரிய இரக்கம் வந்தது. "உனக்கும் ஒரு கெட்ட நாள் இருந்திருக்குப்பா" என்று முணுமுணுத்தான். முளை செதுக்கி, பஞ்சு சுற்றி, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, எட்டையும் அடைத்தான். வெளியே தெரியாமல் இழைத்தான். அந்த ஆளின் மானத்தைக் காப்பாற்றுகிறவன்போல.

கடலில் இறக்குமுன் வள்ளத்துக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அங்கே வழக்கம். உள்ளே நிற்பது வெளியே வராவிட்டால், வெளியே நிற்பதும் உள்ளே வராது. இருக்கைகளைப் பொருத்துமுன் சந்தனம் பிளசருக்கும் அதைச் செய்தான்.

"குடிக்க நல்ல தண்ணி இல்ல. பிளசருக்கு முழுக்கு ஊத்துறாக!" என்று பக்கத்து வீட்டு முருகம்மாள் வைதுகொண்டே தானும் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள்.

ஒரு சாண் தண்ணீர் நின்றது. சந்தனம் மணலில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தான். காலையில் படுத்தவன் வெயில் உச்சிக்கு வந்தும் எழவில்லை. கீழே மணல் காய்ந்தபடியே இருந்தது. எழுந்தபோது கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது.

"ஒரு சொட்டு ஒழுகல, லீமா."

"தெரியுது."

"ஒரு சொட்டு."

 கால்மிதிக்கும் கியருக்கும் ஓட்டை இருக்குமே என்று கேட்பீர்கள். அவை ஒரு சாணுக்கு மேலே இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் தெரிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். எனக்கு வேண்டியது அந்த மனிதன் மணலில் படுத்திருந்த நேரம்.

7

ஐப்பசியில் மரைக்காயர் வந்தார். செஞ்சாயம் பூசி நின்ற பிளசரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். இருக்கையைத் தடவி இன்னொரு முறை சொன்னார். உச்சிப்புளி வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனார். அவர் போன திசையில் வானம் இருண்டு கொட்டியது.

திரும்பி வந்தபோது தொப்பி முதல் செருப்பு வரை நனைந்திருந்தார்.

"ஓய் ஓடாவி! நான் உச்சிப்புளிக்குப் போனேனா, கொழும்புக்குப் போனேனா? கால் ரெண்டும் தண்ணிக்குள்ள! தூண்டில் போட்டிருந்தா கறிக்கு ஆயிருக்கும்!"

"ஒழுகலியே, மொதலாளி!" என்றான் சந்தனம், முகமெல்லாம் பெருமையாக.

"ஒழுகணும்யா! ஒழுகத்தானே கீழ ஓட்டை விட்டிருந்தான். எங்க அது?"

சந்தனம் குனிந்து, தான் இழைத்து மறைத்த இடத்தை விரலால் தடவினான்.

"கூரையில்லாத வண்டி. மேலேருந்து விழுற தண்ணி போறதுக்கு வழி வேணாமா? உள்ளயே நின்னா அந்த மரம் என்னாகும், இந்தப் புள்ள தச்ச இருக்கை என்னாகும்?" சொல்லும்போதே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மரைக்காயர் குரலை இறக்கினார். "சரி, விடும். தெரியாமத்தானே செஞ்சீரு."

ஆனால் சந்தனத்துக்கு அவர் குரல் கேட்கவில்லை. அந்த எட்டு ஓட்டைகளும் மறதி இல்லை. மரத்தை அவ்வளவு நேசித்த அந்தத் தச்சன், அது பிழைக்கவேண்டும் என்றே, அளந்து, தன் கையால் துளைத்திருக்கிறான். அப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டு என்பதே சந்தனத்துக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் கீழேயிருந்து வருவது.

வள்ளத்துக்கும் கூரை இல்லை.

இந்த நினைப்பை அவனுக்கு நான் கொடுக்கவில்லை, பிள்ளைகளே. எழுதிக்கொண்டு வரும்போது அதுவாக வந்து நின்றது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

8

முடிவுகள்.

அ) சந்தனம் ஓட்டைகளைத் திறக்கிறான். மறுநாள் கரையில் புது வள்ளத்துக்கு அடிமரம் வைக்கிறான். லீமாரோஸ் முந்தானையால் கண்ணைத்... வேண்டாம். ஒரு மழையில் ஆறுகிற புண்ணா அது?

ஆ) அவன் உளியை எறிந்துவிட்டுப் போகிறான். எழுதிப் பார்த்தேன். ஈரத்தில் நிற்கும் அந்த வண்டியை அப்படியே விட்டுப் போக அவனால் ஆகவில்லை.

இ) அன்றைக்குக் கடலில் பெருமழை பெய்தது, மேலேயிருந்து விழுந்த தண்ணீர்தான் வள்ளத்தை அமுக்கியது, பலகை ஒன்றும் பிரியவில்லை என்று நான் எழுதிவிடலாம். ஒரே வரி. எனக்குத்தானே அதிகாரம்! எத்தனையோ நாள் அந்த வரிக்காகப் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் அங்கே இல்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எந்தப் பொய்யையும் அவன் காது கண்டுபிடித்துவிடும். கனி வாயிலிருந்தும் அப்படி ஒரு பொய் வந்துவிடுமோ என்றுதான் இரண்டு வருடமாக அவன் பயந்து திரிகிறான்.

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சந்தனம், கயிறு இழுத்துத் துளைபோடும் துறப்பணத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். மழை அதற்குள் வேதாளைக்கும் வந்திருந்தது; மரைக்காயர் குடையை விரித்து, அவன் கால்கள் நனையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் முளையில் முனையை வைத்தான். வாழ்க்கையில் ஒரு அடித்தளத்தில் அவன் ஓட்டை போட்டதில்லை. கயிற்றை இழுத்தான். குங்கிலியத்தூள் உதிர்ந்தது. பஞ்சு வந்தது. பிறகு தண்ணீர், தடித்த ஒரே தாரையாக, அவன் நெஞ்சில் விழுந்தது. அவன் விலகவில்லை. அடுத்ததைத் திறந்தான். அடுத்ததை.

எட்டும் திறந்தபின் வெளியே வந்தான். துறப்பணத்தை லீமாரோஸிடம் கொடுத்தான்.

"எங்க கிளம்பிட்டீக? தலையத் தொவட்டுங்க மொதல்ல."

"வாரேன்" என்றான்.

அவன் கரைவழி போகவில்லை. தெருவழி போனான். மூன்று வீடு தள்ளி, கனியின் வீட்டு வாசலில் நின்றான்.

அந்த வீட்டுக்குள் என்னால் நுழைய முடியவில்லை. ஆகவே உங்களைக் கனியாக அங்கே உட்காரவைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று கடலில் இருந்தது நீங்கள். பலகை பிரிந்ததா, வானம் கொட்டியதா என்று பார்த்த கண் உங்களுடையது. இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள்.

வெளியே ஈரம் சொட்டச் சொட்ட ஒருவன் நிற்கிறான்.

"கனி" என்கிறான். "அன்னைக்கு என்ன சொல்ல வந்த?"

எழுந்திருங்கள், கண்ணு. கதவைத் திறங்கள்.