எசான்ஸ் போட்டுத் துடைத்த கார்

ஆதிமூலம் தலையை ஆட்டிவிட்டான். வந்த வினையெல்லாம் அந்த ஓர் ஆட்டலில் வந்ததுதான்.

ஆட்டாமல் வேறு என்ன செய்வான், பாவம். ஃபிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், ஐயாவை முசே என்பார்கள். முசே சவேரிநாதனின் காரை ஓட்ட வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முன்னால் இருந்த டிரைவர் பக்கிரி, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். வேலையில் சேர்க்கும்போதே முசே அதைச் சொல்லித்தான் சேர்த்தார். தனக்கு ஒரு தடவைதான் சொல்லத் தெரியும், விளங்காதவன் ஊருக்குப் போய்விடலாம் என்றார். ஊர் என்றால் வளவனூரில் மச்சான் வீடு. விழுப்புரத்தில் லாரி வேலை போனபிறகு பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்ட சோறு இன்னும் ஆதிமூலத்துக்குத் தொண்டையிலேயே நிற்கிறது. இப்போதுதான் முதலியார்பேட்டையில் ஓர் அறை பிடித்து, பார்வதி தனி அடுப்பு மூட்டியிருக்கிறாள். அந்த அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் மச்சான் வாசலில் போய் நிற்க அவனால் ஆகாது.

நடந்தது இதுதான். வெள்ளைக்காரன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, ஊரில் தேர்தல். காரை மதிலோரம் நிறுத்தியிருந்தான். சமையல்கார அஞ்சலாட்சி, மதிலுக்கு வெளியே நீண்ட கிளையிலிருந்து ஒரு பலாக்காயை அறுக்கப்போக, பால் காரின் முகப்பு முழுக்கச் சொட்டிப் பிசினாக இறுகிவிட்டது. அது போதாதென்று, மதிலுக்கு நோட்டீசு ஒட்ட வந்த புண்ணியவான் எவனோ கை அரிப்பு தாங்காமல் கார் கதவுகளுக்கும் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அன்று சாயங்கால ரயிலில் வடக்கேயிருந்து முசேயின் புது மேலதிகாரி வருகிறார். இந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும். சர்க்கார் உத்தியோகஸ்தரின் கார் கட்சி நோட்டீசோடு போய் நின்றால் என்ன ஆகும்?

முசே காரைச் சுற்றிவந்தார். முகம் சிவந்துபோயிற்று.

"பேப்பர தண்ணி ஊத்திக் கிழிச்சிடு. பசையையும் பிசினையும் எசான்ஸ் போட்டுத் தொடச்சிடு. சாயங்காலம் ஒரு பொட்டு இருந்துதுன்னாலும் நாளைக்கு நீ வர வேணாம். வெளங்கிச்சா?"

அப்போதுதான் ஆதிமூலம் தலையை ஆட்டினான். முசே ரிக்ஷா ஏறி ஆபீசுக்குப் போய்விட்டார்.

எசான்ஸ் என்றால் எசென்சுதான். முசேமார் மூக்கால் பேசுவதால் அப்படி வருகிறது. சர்பத்தில் ஊற்றுவார்களே, அந்தச் சரக்கு. அதுவரைக்கும் அவனுக்குச் சந்தேகமில்லை. அதைக் காருக்கு எதற்கு ஊற்ற வேண்டும் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை.

பேப்பர் தண்ணீருக்கு வந்துவிட்டது. பசை மட்டும் திட்டுத்திட்டாக நின்றது. அஞ்சலாட்சியிடம் போய், இந்த ஊரில் எசென்சை எதெதற்குப் போடுவார்கள் என்று பட்டும்படாமல் கேட்டுப் பார்த்தான். கேக்குக்குப் போடுவோம் என்றாள் அவள். பலாப்பாலுக்கு? அதற்கு எண்ணெய்தான், கையில் தடவிக்கொண்டுதானே அறுக்கிறேன், இதுகூடத் தெரியாதா என்றாள். தெரியாமல் என்ன, அவனுக்கும் தெரியும். வளவனூரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் முசே எண்ணெய் என்று சொல்லவில்லையே. எண்ணெய் போட்டு, எசான்ஸ் ஏன் போடவில்லை என்று கேட்டுவிட்டால்? யோசிக்க யோசிக்க அவனுக்குப் பயம்தான் கூடியது. சொன்னதைச் செய்தவனை யாரும் குறை சொல்ல முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தான்.

சோடா, கலர் போடுகிறவர்களுக்குச் சரக்குக் கொடுக்கும் கலியபெருமாள், என்ன எசென்சு வேண்டும், ரோசா, வாழைப்பழமா, அன்னாசியா என்று கேட்டார். ஆதிமூலம் முழித்தான். இதையெல்லாம் முசே சொல்லவில்லை. எதற்கு என்றார் கடைக்காரர். கார் துடைக்க என்றான். கலியபெருமாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். யார் வீட்டுக் கார் என்று விசாரித்தார். முசே வீடு என்று தெரிந்ததும் அவருக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் எப்படியோ.

"காருக்குன்னா ரோசாதாம்பா நல்லாருக்கும்," என்றார், வெகுநாள் பழக்கம்போல.

ஆதிமூலம் ஒரு புட்டி முழுவதையும் ஊற்றித் தேய்த்தான். பசை கொஞ்சம் விட்டது. பிசின் விடுவேனா என்றது. இழுபட்டு, முகப்பு முழுவதும் சிலந்தி வலைபோல விரிந்துகொண்டது. வாசனை மட்டும் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. முதலில் ஈ வந்தது, அப்புறம் தேனீ. தேய்க்கத் தேய்க்க அவனுக்கு அழுகை முட்டியது. சொன்னபடிதானே செய்கிறோம், ஏன் போகமாட்டேன் என்கிறது?

முசே வந்தபோது ரயில் நேரம் நெருங்கியிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா இது வாசன?"

"நீங்க சொன்ன எசான்ஸ்தான் முசே."

முசே காரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மோந்து பார்த்தார். இவன் கேலி செய்கிறானா, பைத்தியமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. விசாரிக்க நேரமும் இல்லை. ஸ்டேஷனுக்கு விடச் சொன்னார், இதுதான் நீ ஓட்டுகிற கடைசி சவாரி என்றும் சொன்னார். ஆதிமூலத்துக்கு ஸ்டியரிங் கண்ணில் மங்கலாகத் தெரிந்தது. பார்வதியிடம் என்ன சொல்வது? என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் என்னவென்று சொல்வது?

மேலதிகாரி உயரமான மனிதர். காரில் ஏறியதும் மூக்கைச் சுளித்தார். பிறகு இங்கிலீசில் பேச ஆரம்பித்தவர், கடற்கரைப் பக்கத்து பங்களா வரைக்கும் நிறுத்தவே இல்லை. நடுநடுவே ஏதோ கேட்டார். முசே ஒவ்வொன்றுக்கும் "எஸ் சார், எஸ் சார்" என்றார். ஆதிமூலம் கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தான். முசேயின் தலை ஆடியது. வாயில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

அது காலையில் அவன் ஆட்டிய தலை. அவனுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

அதிகாரி இறங்கி உள்ளே போனார். முசே பின்சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேலைதான் போய்விட்டதே, இனிமேல் யாருக்குப் பயம் என்று ஆதிமூலம் திரும்பினான்.

"முசே, அவுரு என்னா சொன்னாரு?"

"வெளங்கல," என்றார் முசே. "எனக்கு ஃபிரெஞ்சுதான் தெரியும். இப்ப எல்லாம் இங்கிலீசு. திருப்பிக் கேட்டா, இந்தாளு எதுக்குன்னு அனுப்பிடுவாங்க. எதுக்கெல்லாம் எஸ்ஸுன்னு சொல்லி வச்சிருக்கேனோ."

ஆதிமூலத்துக்கு அவர்மேல் காலையிலிருந்து இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்கும் காலைல வெளங்கல முசே. கேட்டா அனுப்பிடுவீங்கன்னு கேக்கல."

"எது வெளங்கல?"

"எசான்ஸ்னா என்னா?"

முசே அவனையே பார்த்தார். முகப்பில் ஒரு தேனீ பிசினில் சிக்கிக் காலை உதறிக்கொண்டிருந்தது.

"பெட்ரோல். ஃபிரெஞ்சுல அப்பிடித்தான் சொல்வோம்," என்றார்.

"அது டேங்க்குலயே இருந்துதே முசே."

முசேக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல வந்ததும் பம்புல பத்து லிட்டர் எசான்ஸ் போட்டுக்க. கொஞ்சத்த எடுத்துத் துணில நனச்சு மொகப்ப தொட. வெளங்கிச்சா?"

ஆதிமூலத்தின் தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டான்.

"லிட்டர்னா எவ்வளோ முசே? எங்க பக்கம் கேலன்தான்."