சின்னவரின் சந்தா

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியில் பிறந்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு விஷயத்தைச் சொன்ன இடத்தில். அந்தத் தாழ்த்திய குரலைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதட்டியிருந்தால் நானும் அதட்டியிருப்பேன்.

ஆனால் கதைக்கு ஒரு நல்ல தொடக்கம் வேண்டும். எழுதிப் பார்த்தவை:

"மாலையானால் அந்த வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன்—" (எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். விட்டுவிட்டேன்.)

"டிஷ்ஷா, ஆப்பா என்பது இன்றைய நடுத்தரக் குடும்பங்களை எதிர்நோக்கியிருக்கும்—" (இது கட்டுரை. அதுவும் மோசமான கட்டுரை.)

"எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை." (இது இருக்கட்டும். உண்மை. பின்னால் தேவைப்படும்.)

2

எங்கள் வீட்டில் நான், மனைவி, மகன், மருமகள். நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கதைகளும் எழுதுவேன். மொட்டைமாடியில் ஒரு டிஷ் இருக்கிறது. அதன் சந்தா முடியப்போகிற நேரத்தில், புதுப்பிப்பதா, கழற்றிவிட்டு இணையத்தில் படம் காட்டும் ஆப்புக்கு மாறுவதா என்று பேச்சு வந்தது.

"அத்தனை சேனலுக்குக் காசு கட்டிட்டு அம்மா பாக்கிறது ஒரே ஒரு சேனல்" என்றான் மகன்.

"மழை பெஞ்சா அதுவும் வராது. நல்லதுதான். அப்பத்தான் எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பாக்கிறேன்" என்றாள் மனைவி. "உன் ஆப்பு மழையிலயும் ஓடும்னா நான் எப்படா எந்திரிக்கிறது?"

மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். "நான் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருது மாமா. ஆப்னா நான் வர்ற வரைக்கும் காத்திட்டிருக்கும்."

"காத்திட்டிருக்க அது என்ன நாயா?" என்றேன்.

முடிவு என் கையில் இருந்தது. என் மனம் டிஷ்ஷின் பக்கம். டிஷ் வானத்தைப் பார்த்து நிற்கிறது, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறது, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆப் அப்படியல்ல. திறந்தவுடன் வட்ட வட்டமாக முகங்களைக் காட்டி, 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில், பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்பது கூண்டில் ஏறியவரிடம் மட்டும்தான்.

3

பல் டாக்டர் சொன்னது இது:

"சார், தப்பா நினைக்காதீங்க. சாயங்காலம் படம் போட்டா, ஒரே நேரத்தில நிறையப் பேர் பாக்கிறாங்கன்னு வருது. உள்ள போய்ப் பாத்தா இன்னொரு டிவி எங்க கணக்குல ஓடிட்டிருக்கு. உங்க வீட்டு டிவி மாதிரி தெரியுது."

அவர் புது டிவி வாங்கியபோது, அதை இணைத்துக் கொடுக்க எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போனது உண்மை. அவருடைய கடவுச்சொல் அந்தக் கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

பிறர் பொருள் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. இரவல் வாங்கிய குடையை மழை நிற்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தவன் நான். "விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினேன்.

செய்தது யார்? நானில்லை. மனைவிக்கு ரிமோட்டில் சத்தத்தைக் கூட்ட மட்டும் தெரியும். மருமகள் வந்த வீட்டுக்குப் பெருமை சேர்ப்பவள். மிச்சத்தை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன்.

எழுதாமல் இந்தக் கதையை எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் சின்னவரை உண்டாக்கினேன். என் தம்பி. கல்யாணம் ஆகாதவர், நிலையான வேலை இல்லாதவர், வந்தால் தங்குகிறவர். பழியை அவர் தலையில் வைத்தேன். ஒரு மனிதரை உண்டாக்கப் பெயர்கூட வேண்டாம், உறவுமுறை போதும் என்று எழுதும்போது கண்டுகொண்டேன். மனைவிக்குக் கொழுந்தன், மகனுக்குச் சித்தப்பா, மருமகளுக்குச் சின்ன மாமா. ஒரே வரியில் ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் உயிர் கொடுக்க இதையும் எழுதினேன்: "சின்னவருக்குக் கடலுக்கடியில் எடுத்த படங்கள் என்றால் உயிர். இருட்டில் தன் விளக்கைத் தானே ஏந்திக்கொண்டு ஒரு மீன்—"

(இங்கே காபி வந்தது. வாக்கியம் நின்றது. பிறகு நான் அதைத் தொடரவில்லை.)

(இன்னொன்று. இல்லாத ஆளைச் சாட்சியாகக் காட்டிய வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அந்த ஆளைக் கூண்டில் ஏற்றியாக வேண்டும். ஏற்றியும் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் வந்து நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் கூசாமல் பதில் சொல்லிவிட்டுப் போவார். எங்கிருந்து பிடித்தார்கள் என்று நான் கேட்டதில்லை.)

4

டாக்டரின் கணக்கை அன்றே எங்கள் டிவியிலிருந்து எடுக்கச் சொன்னேன். டிஷ் சந்தா முடியும்வரை சோதித்துப் பார்க்கலாம் என்று எங்கள் பணத்தில் எங்களுக்கென்று ஆப்பில் ஒரு சந்தா. மகன் தலை நிமிராமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தான்.

"அப்பா, உங்களுக்கும் ஒரு ப்ரொஃபைல் போடட்டுமா?"

"என் பேரைக் கேக்க அது யாரு?"

ஆகவே திரையில் மூன்று முகங்கள். மனைவி, மகன், மருமகள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். டிவி தானாக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நான்கு முகங்கள். நான்காவதன் கீழே 'சின்னவர்' என்று எழுதியிருந்தது.

என் அறையை நான் பூட்டித்தான் வைப்பேன். சாவி என் இடுப்பில். எழுதியதை யாருக்கும் காட்டவில்லை.

"நான் வைக்கல மாமா" என்றாள் மருமகள். "யாரு சின்னவர்?"

மனைவி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். "நீங்கதான் எதையாவது அமுக்கியிருப்பீங்க."

அந்த முகத்தை அழுத்தினேன். உள்ளே எல்லாம் கடலுக்கடியில் எடுத்த படங்கள். ஒன்றுகூட முழுதாகப் பார்த்து முடிக்கப்படவில்லை. இருட்டான நீர், தூரத்தில் ஒரு சிறு வெளிச்சம் வரும் இடம். அத்தனையும் அங்கேயே நிறுத்தப்பட்டிருந்தன. காபி வந்தபோது நான் வாக்கியத்தை நிறுத்திய இடத்தில்.

5

அதற்கடுத்த நாள் மகனோடு படியிறங்கும்போது டாக்டர் எதிரே வந்தார். இந்தமுறை குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்க தம்பி வந்திருந்தாரு சார். தான்தான் எடுத்தேன்னு சொல்லி மன்னிப்பு கேட்டுட்டுப் போனாரு. இதுக்கெல்லாம் எதுக்கு சார்? அப்படியே உங்க ஜாடை. ஆனா ஒண்ணு, அவர் சிரிக்கிறாரு."

தம்பி என்று எனக்கு யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் மகன் முந்திக்கொண்டான்.

"ஆமா டாக்டர். சித்தப்பா அப்படித்தான்."

தெருவில் இறங்கியதும் கேட்டேன். "எந்தச் சித்தப்பா?"

"விடுங்கப்பா. யாரோ வந்து பழியை ஏத்துக்கிட்டாங்கல்ல. இருந்துட்டுப் போகட்டுமே."

நான் பூட்டி வைத்த சொல் அவன் வாயில் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. அவன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம் இருந்தது. அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

6

சின்னவரை எடுத்துவிடத் தீர்மானித்தேன். பாத்திரம் சரியாக அமையாவிட்டால் அடித்துவிடுவது எழுதுகிறவனின் உரிமை. பேனாவால் அடித்தேன். மிஞ்சியது இது:

"........ டாக்டரின் கடவுச்சொல்லை எடுத்து வைத்துக்கொண்டார்."

அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுவாய் இல்லாத வாக்கியம் சும்மா இருக்காது, யாரையாவது உள்ளே இழுக்கும். அது யாரை இழுக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அடித்ததன் மேலேயே மறுபடி 'சின்னவர்' என்று எழுதினேன்.

எழுதி முடித்ததும் கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் செருமுகிற மாதிரியே.

போய்ப் பார்த்தேன். கூடத்தில் எனக்கென்று முதுகு நேராக இருக்கும் பிரம்பு நாற்காலி ஒன்று உண்டு. சோபாவில் நான் உட்காருவதில்லை, அதில் உட்கார்ந்தால் ஆள் சரிந்துவிடுவார். சோபாவின் நடுவில் ஒரு குழி இருந்தது. கை வைத்தேன். சூடு.

மனைவி துணி மடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "என்னங்க, இவ்வளவு நேரம் இங்க சிரிச்சுப் பேசிட்டிருந்துட்டு இப்பப் போய் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"நான் இங்க இல்ல. ரூம்ல எழுதிட்டிருந்தேன்."

"சரி, சரி. எழுதிட்டே சிரிச்சீங்களாக்கும்." போகிற போக்கில் திரும்பிச் சொன்னாள். "இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கு, தெரியுமா?"

(இந்த வரியை நீக்கலாமா என்று யோசித்தேன். கதைக்குத் தேவையில்லாதது. இருக்கட்டும்.)

7

இனி நடப்பது இப்போது நடக்கிறது.

டிஷ்ஷைப் புதுப்பித்துவிட்டு ஆப்பை மூடிவிடுவது என்று காலையில் முடிவெடுத்தேன். சொன்னால் பேச்சு வளரும் என்று யாரிடமும் சொல்லவில்லை. முகங்களும் போகும், அவரும் போவார், வீட்டுப் பெயரும் தப்பும் என்பது கணக்கு. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள். நான் அறைக்குள் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் பேச்சுக்குரல் கேட்டது.

வெளியே வந்தேன். ஸ்பேனரும் கையுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். டிஷ்காரர்.

"கழட்டிரலாமா சார்?"

"யார் கழட்டச் சொன்னது? புதுப்பிக்கணும்."

"உங்க கூடப்பொறந்தவரு போன் பண்ணாரு சார், இனிமே ஆப் போதும்னு. இப்பக் கதவைத் திறந்து விட்டதும் அவர்தானே? உள்ள போனாரே." அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். நான் திரும்பவில்லை. "அவரு கழட்டுங்கறாரு, நீங்க வேணாங்கறீங்க. எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. உங்க ரெண்டு பேர்ல யாரு பெரியவரு? பெரியவரு சொல்றதைச் செஞ்சுட்டுப் போறேன்."

பின்னால் டிவி விழித்துக்கொள்ளும் சத்தம். 'யார் பார்க்கிறீர்கள்?' என்று அது கேட்டுக்கொண்டிருக்கும். அந்த முகங்களில் என் முகம் இல்லை.

வாசகரே, இதற்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்? 'நான்தான் பெரியவன்' என்று சொன்னால் டிஷ் தப்பும். ஆனால் எனக்குக் கீழே ஒரு சின்னவர் உண்டு என்று என் வாயாலேயே ஆகிவிடும், அப்புறம் சோபாவில் அவருக்கு நிரந்தரமாக ஓரிடம். 'ரெண்டு பேர் இல்லை, ஒருத்தன்தான்' என்று சொன்னால் அவர் போய்விடுவார். ஆனால் டாக்டரிடம் மன்னிப்பு கேட்டது யார், கடவுச்சொல்லை எடுத்தது யார் என்று கேள்விகள் கிளம்பும். அவை வந்து நிற்கும் இடத்தில், நான் இதுவரை எழுதாமல் காப்பாற்றிய ஒரே பெயர்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். நான் நிறுத்தும் இடத்தில் அவரும் நின்றுவிடுகிறார். அந்த மீன் இன்னும் அங்கேதான் நிற்கிறது. ஆகவே அடுத்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளலாம். முடித்தால், அது உங்கள் சாட்சி.

சோபா மெல்ல முனகியது. யாரோ நகர்ந்து எனக்கு இடம் விடுகிறார்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, டிஷ்காரரின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா, இந்த வீட்டில—