டெனிங்கின் மேற்கு வயல் விட்ட மூச்சு

தரிசாகப் போட்ட இரண்டாம் ஆண்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் கம்பு இடிக்கும் நேரத்தில் டெனிங்கின் மேற்கு வயல் மூச்சுவிடத் தொடங்கியது. அரைச் சாண் உயரும், சற்று நிற்கும், பிறகு இறங்கும். முதலில் கவனித்தவை பட்டியில் கிடந்த மாடுகள்தாம். அசைபோடுவதை நிலத்தின் மூச்சோடு ஒட்டி வைத்துக்கொண்டன. ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ந்தொக்கார் என்ற அந்த ஊர்க்காரர்களுக்குத் தரிசு என்றால் தூக்கம். முதலாண்டு நிலத்தைப் பாய் விரித்தது என்பார்கள், இரண்டாமாண்டு கண் அயர்ந்தது, மூன்றாமாண்டு ஆழ்ந்தது. புல்லின் சாதி மாறும் ஆண்டில் புரண்டு படுத்தது. ஆள் இல்லாமல் விட்டுப்போன நிலத்துக்கு மட்டும் வேறு ஒரு சொல் உண்டு. அதைச் சண்டையில்தான் வாயில் எடுப்பார்கள்.

ஊராட்சி மன்றத்தின் பதிவேட்டில் இதெல்லாம் இல்லை. அதில் இரண்டே பத்திகள்: உழுதது, சும்மா கிடப்பது. மூன்று மழை சும்மா கிடந்தால் கேட்டவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு சட்டம் வந்தது. அந்த அறிவிப்பை ஒட்டிய வருடத்திலிருந்து ஊர் நடுங்கிப் போனது. முதல் மழை விழுந்ததும் கழுதையைப் பூட்டி, தூங்கும் நிலத்தை எல்லாம் பேருக்குக் கீறி, நிலக்கடலையைத் தூவினார்கள். பதினைந்து வருடம் இப்படி நிலத்தைத் தூங்கவிடாமல் அடித்ததில் கம்புக் கதிர் கட்டைவிரல் அளவுக்கு வந்து நின்றது. அதைப் பார்த்தும் கழுதையை அவிழ்க்க ஒருவருக்கும் துணிவில்லை. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

டெனிங் மட்டும் கீறவில்லை. புருஷன் ஜோகாய் இறந்தபின் ஐந்து வயிற்றுக்குச் சோறு போட்டது அந்த மேற்கு வயல். வியாபாரி செய்னி அதன்மேல் கண் வைத்து மன்றத்தில் மனுக் கொடுத்துவிட்டான். மூன்றாம் மழைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கொழுந்தன் லாட்சுக் கழுதையோடு வந்து நின்றான்.

"அண்ணி, சும்மா ரெண்டு கோடு போட்டுருங்க. நாலு கடலையத் தூவுனா பாத்துட்டுப் போயிருவானுங்க."

"தூங்குறவள உலுக்கி எழுப்பி, முழிச்சிருக்கான்னு ஊருக்குக் காட்டணுமாக்கும்? களைச்சுப் போய்க் கிடக்குது. நானும் தொட மாட்டேன், உன் கழுதையும் தொடாது."

"நிலம் கைவிட்டுப் போச்சுன்னா?"

"போனா என்னை மிதிச்சுக்கிட்டுத்தான் போகும்."

மூன்றாம் மழையும் விழுந்ததும் மன்றத்து எழுத்தர் தியெர்னோ செய்னியோடு வந்து எல்லைக்கு நாற்பது மர முளைகளை அடித்தார். மறுநாள் காலைக்குள் வயல் மூச்சுவிட்டு மூச்சுவிட்டே நாற்பதையும் வெளியே தள்ளியிருந்தது. சிமெண்டுக் கல் நட்டார்கள். அவை இரண்டு நாள் தாக்குப்பிடித்து, பிறகு ஓரத்தில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. மண் இளகல் என்று தியெர்னோ எழுதிக்கொண்டார். மூன்றாம் முறை வந்தபோது வயல் நடுவில் பாய் போட்டு டெனிங் படுத்திருந்தாள்.

தியெர்னோ துக்குலோர் இனத்துக்காரர். ஊர்க்காரர்களான செரேர் இனத்தாருக்கும் அவர்களுக்கும் கேலிமுறை. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் எங்கள் அடிமை என்று வையலாம், கோபித்துக்கொள்வதுதான் குற்றம். கேலிமுறைக்காரர் வாய்விட்டுக் கேட்டதை மறுப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

"கம்புக்களி தின்னே பெருத்தவளே, எழுந்திரு. இது சும்மா கிடக்குற நிலம்," என்றார் அவர், முறையை விடாமல்.

"வாடா என் அடிமை! மத்தியானம் மீன்சோறு தின்னுட்டு மேசையில கவுந்து கிடக்குறியே, அப்ப நீயும் சும்மா கிடக்குறவன்தான? உன்னை இந்த செய்னிக்கு எழுதிக் குடுத்துரட்டுமா?"

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தியெர்னோவும் சிரித்தார், சிரிக்காமல் இருக்க வழியில்லை. அவள் பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒரு நாழி இதுல படு. அப்புறம் உன் புத்தகத்துல என்ன வேணா எழுதிக்க."

மறுக்க முடியாது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பதிவேட்டை மார்பில் வைத்துப் படுத்தார். வயல் அவரைத் தூக்கியது, இறக்கியது. டெனிங் எழுந்துபோய்ச் சமைத்தாள். மூன்று நாள் கழித்து, தாடியில் புல் முளைக்க, அவர் விழித்தார். பிறந்ததிலிருந்து இப்படித் தூங்கியதில்லை என்றார். தண்ணீர் கேட்டார், பிறகு அளவுகோல் கேட்டார். பதிவேட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டு, தலைப்பில் 'தூங்குகிறது' என்றும், அதன் கீழ் டெனிங்கின் பெயரையும் எழுதினார். செய்னி குதித்தான். மேலிடத்தில் புகார் செய்தான். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரியும் படுத்துப் பார்த்து, நான்கு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் ஆண்டு முதல் மழையில் வயல் நெட்டி முறித்தது. டெனிங் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றாள்.

"நல்லாத் தூங்குனியா? சரி வா, வேலை கிடக்கு."

அந்தப் பருவம் கதிர் முழங்கை நீளம் இருந்தது. லாட்சுக் அதை அளந்து பார்த்துவிட்டு, போய்க் கழுதையை அவிழ்த்துவிட்டு, தன் கிழக்கு வயலுக்குப் பாய் விரித்தான். பிறகு ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். இன்று ந்தொக்காரில் பதினோரு வயல்கள் மூச்சுவிடுகின்றன. பதிவேட்டில் ஊர்ச் சொற்கள் அத்தனைக்கும் பத்தி உண்டு. லாட்சுக்கின் வயல் மட்டும் குறட்டை விடும். பக்கத்து வயல்காரர்கள் அதைப் பற்றி மன்றத்தில் ஒரு மனுக் கொடுத்திருக்கிறார்கள்.