இடது காதுக்கு மேலே

ஊர்ப் பெண்களின் தலையையெல்லாம் அலங்கரித்து அனுப்புகிறவள் நான். என் மகள் சுண்டுவுக்கோ இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. பயம் வந்தால் விரல் அங்கேதான் போகும், ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். பள்ளிக்கூட வாசலைப் பார்த்தால் பயம், நான் கொஞ்சம் தாமதமாக வந்தால் பயம். "நீ செத்துடுவியாம்மா?" என்று கேட்பாள். வயது பத்து.

பல மாதம் அவளோடு பேசிப் பார்த்த மனநல டாக்டரம்மா, "பேச்சு மட்டும் பத்தலம்மா. கூடவே சின்ன அளவுல மாத்திரை ஆரம்பிக்கலாம். முதல்ல அடிக்கடி கூட்டிட்டு வரணும். நீங்களும் வீட்டுக்காரரும் பேசி முடிவு பண்ணுங்க" என்றார். தூக்கம் கெடுமா, பசி போகுமா என்று குடைந்து குடைந்து கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். சுண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அது போட்டா பயம் போயிடுமா?"

"குறையும்டா கண்ணு."

"எப்போ தருவீங்க?"

வீட்டில் இவர் குதித்தார். "என் பொண்ணு என்ன பைத்தியமா? நாமெல்லாம் மாத்திரை தின்னா வளந்தோம்?" இவருடைய அக்கா போனிலேயே வைத்தியம் சொன்னாள்: "ரெண்டு போடு போட்டா பயமெல்லாம் பறந்துடும்." மூட்டுவலிக்கு மூன்று வேளையும் மாத்திரை விழுங்குகிற மகராசி! தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

இதில் என் கூத்து வேறு. பிள்ளையை யாரும் கேலி செய்யக் கூடாதென்று தினமும் வலப்பக்க முடியை இழுத்து வாரி, பின் குத்தி, சொட்டையை மறைத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு இவர், "நல்லாத்தானே இருக்கா!" என்பார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

இவருடைய அக்கா மகள் கல்யாணத்தன்று, சுண்டுவை என் கடை நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். புதுச் சட்டையோடு இவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்.

"சொந்தக்காரங்க எல்லாம் வந்திருப்பாங்க. அந்த இடத்த நல்லா மூடு."

சீப்பைக் கீழே வைத்தேன். "மாட்டேன்."

"என்னது?"

"இப்படியே வரட்டும். உங்கக்கா பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுக்கலாம்."

"என் மானத்த வாங்கப் பாக்கறியா?"

"மாத்திரைக்குச் சரின்னு சொல்லுங்க, மூடறேன்."

பிள்ளை நடுங்கியபோதெல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு இப்போது வேர்த்துக் கொட்டியது. சொட்டையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "சரி, குடுத்துத் தொலை!"

விடவில்லை நான். டாக்டரம்மாவுக்கு போன் போட்டு இவர் கையில் கொடுத்தேன். இவர் வாயாலேயே சம்மதம் சொன்ன பிறகுதான் பின்னைக் கையில் எடுத்தேன். பேசி முடித்து வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் என் குழந்தையின் கண்ணீர் கேட்டு வாங்க முடியாததை, நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம் ஒரு நிமிடத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டதே!

சுண்டு கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முடி வளந்துட்டா அப்பா மாத்திரைய நிறுத்திடுவாரா?"

முடியை இழுத்து வாரிக் கடைசிப் பின்னைக் குத்தினேன்.

நான் குத்திய பின்னுக்கு அடியில் அவள் விரல் மெல்ல நுழைந்தது.

"நீ கவலப்படாதம்மா. நான் வளர விடமாட்டேன்."